எல்லைகள் இளையவை, ஊர்கள் மூத்தவை: ஏட்ரியாட்டிக் சாலைப் பயணம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஒரே பேருந்தில் ஏறி நான்கு நாடுகளைப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். இது பயணமா, அணிவகுப்பா?

பதில்: இரண்டில் எதுவாகவும் அமையலாம். தேர்ந்தெடுக்கும் வழித்தடமும், உடன்வரும் வழிகாட்டியும், ஓர் ஊருக்கு ஒதுக்கும் நேரமும் அதைத் தீர்மானிக்கும். வழிகாட்டியுடன் கூடிய பன்னாட்டுச் சாலைப் பயணம் என்பது, ஒரு குழுவினர் ஒரே வாகனத்தில், பயண மேலாளர் ஒருவரின் பொறுப்பில் எல்லைகளைக் கடந்து சென்று, ஒவ்வோர் ஊரையும் அவ்வூரின் உரிமம் பெற்ற வழிகாட்டியின் துணையோடு பார்த்துவரும் ஏற்பாடாகும். இதற்கு ஐரோப்பாவில் மிகப் பொருத்தமான பகுதிகளுள் ஒன்று ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையாகும். ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரியில் தொடங்கி, போஸ்தோய்னா குகை, குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகள், ஸ்பிளிட் நகரம், போஸ்னியா-ஹெர்சகோவினாவின் சராயேவோ, மோஸ்தார், மீண்டும் குரோஷியாவின் துப்ரோவ்னிக் என்று சென்று, மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவில் முடியும் இத்தடத்தில், ரோமானியரும் வெனிஸ் நகரத்தாரும் ஒட்டோமான் துருக்கியரும் ஆஸ்திரியரும் ஆண்ட தடயங்களைச் சில மணி நேரச் சாலைத் தொலைவுக்குள் அடுத்தடுத்துக் காணலாம்.

கேள்வி: இந்த நான்கும் முன்பு ஒரே நாடுதானே? அப்படியிருக்க நான்கு நாடு பார்த்தேன் என்று கணக்குச் சொல்வது நியாயமா?

பதில்: கணக்கு நியாயமானதே, ஆனால் அந்தக் கணக்கின் வயதையும் அறிந்திருப்பது நல்லது. 1918இல் செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர் ஆகியோரின் முடியரசாக உருவாகி, 1929இல் யுகோஸ்லாவியா என்று பெயர் மாறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆறு குடியரசுகளைக் கொண்ட சோஷலிசக் கூட்டாட்சியான நாடு 1990களில் போர்களுக்கிடையே உடைந்தது. ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் 1991 ஜூன் 25 அன்று விடுதலையை அறிவித்தன. போஸ்னியா 1992இலும், மாண்டினீக்ரோ 2006இலும் தனி நாடுகளாயின. இந்தியாவின் அரசியல் வரலாற்றிலும் இந்நாட்டுக்கு இடமுண்டு. அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு 1961இல் யுகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் நடந்தபோது, நேருவும் எகிப்தின் நாசரும் அந்நாட்டின் தலைவர் டிட்டோவுடன் ஒரே அவையில் அமர்ந்தனர். ஆக, பயணி கடக்கும் எல்லைச் சாவடிகளில் பெரும்பாலானவை ஒரு தலைமுறைக்குச் சற்றே மூத்தவை, அவர் தங்கும் ஊர்களோ பல நூற்றாண்டு மூத்தவை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு பார்ப்பவருக்கே இத்தடத்தின் பொருள் விளங்கும்.

கேள்வி: நான்கு நாட்டுக்கும் நான்கு விசா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை; ஆனால் வாங்கும் ஒன்றைச் சரியாக வாங்க வேண்டும். ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவை. ஷெங்கன் என்பது உள் எல்லைகளில் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் பொது நிலப்பரப்பாகும். குரோஷியா அதில் 2023 ஜனவரி 1 முதல் இணைந்திருக்கிறது. போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் அதற்கு வெளியே உள்ளன. ஆயினும் செல்லுபடியாகும் பலமுறை நுழைவு ஷெங்கன் விசா உள்ளவர்களைக் குறுகிய காலத்துக்குத் தனி விசாவின்றி அனுமதித்து வருகின்றன. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர் போஸ்னியாவுக்குள் கால் வைத்தவுடன் அவருடைய ஷெங்கன் நுழைவு தீர்ந்துவிடுவதால், மோஸ்தாரிலிருந்து துப்ரோவ்னிக் திரும்ப இயலாது. எனவே விண்ணப்பத்தில் ‘பலமுறை நுழைவு’ என்பதைக் கேட்டுப் பெறுவதும், விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படுமுன் அந்தந்தத் தூதரகத்தில் உறுதி செய்துகொள்வதும் இன்றியமையாதவை.

கேள்வி: பணப்பையில் எத்தனை வகை நோட்டு?

பதில்: இரண்டே வகை. ஸ்லோவேனியா 2007 முதலும் குரோஷியா 2023 முதலும் யூரோவைப் பயன்படுத்துகின்றன; மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாமலேயே யூரோவைத் தன் நாணயமாக வைத்துக்கொண்டிருக்கிறது. போஸ்னியாவில் மட்டும் ‘மாற்றத்தக்க மார்க்’ என்னும் நாணயம் புழங்குகிறது. ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 1.96 மார்க் என்று அதன் மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், விலையைப் பாதியாக்கினால் யூரோக் கணக்கு வந்துவிடும்.

கேள்வி: காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிச் சென்றால் காசும் மிச்சம், சுதந்திரமும் மிச்சம் அல்லவா?

பதில்: சிலருக்கு மிச்சமாகலாம். ஆனால் வலப்புறம் ஓட்டும் பழக்கம், பன்னாட்டு ஓட்டுநர் உரிமம், காரை எல்லை கடத்துவதற்கு வாடகை நிறுவனத்தின் எழுத்து அனுமதி, அயல்நாட்டிலும் செல்லும் காப்பீடு, ஸ்லோவேனிய நெடுஞ்சாலைகளுக்கு முன்கூட்டியே வாங்க வேண்டிய மின்னணுச் சாலைவரி, கோடையில் எல்லைச் சாவடிகளில் நீளும் வரிசை ஆகிய அனைத்தையும் ஓட்டுபவரே சுமக்க வேண்டும். துப்ரோவ்னிக், கோட்டோர் ஆகிய பழைய நகரங்களின் மதிலுக்குள் சுற்றுலா வாகனங்களுக்கு இடமே இல்லாததால், காருக்கான நிறுத்துமிடம் தேடுவதிலேயே அரை நாள் கழியக்கூடும். பால்கன் மலைச்சாலைகளில் ஓட்டுபவரின் கண் வளைவுகளிலேயே நிற்க, காட்சி முழுவதும் பக்கத்து இருக்கைக்குப் போய்ச் சேருகிறது. தனித்துத் திட்டமிடத் தெரிந்த இளையவர்களுக்குத் தானோட்டுதல் பொருந்தும். முதல் முறை செல்வோருக்கும், பெற்றோரை அழைத்துச் செல்வோருக்கும் வழிகாட்டியுடன் கூடிய பயணமே தக்கது.

கேள்வி: அழகான இடம் வரும்போது நிற்காத ஓட்டுநர், ஒன்றுமில்லாத பெட்ரோல் நிலையத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிடுகிறாராமே?

பதில்: அந்த முக்கால் மணி நேரம் பயணிகளின் உயிருக்குச் சட்டம் கொடுத்த காவலாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண் கொண்ட விதிமுறைப்படி, பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டிய பின் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, வாரத்தில் இரு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை அனுமதி உண்டு. வண்டியில் பொருத்தப்பட்டுள்ள ‘டாக்கோகிராஃப்’ என்னும் பதிவுக்கருவி வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதிந்து வைப்பதால் இதில் சலுகைக்கு வழியில்லை. நல்ல பயண அமைப்பாளர் இந்த ஓய்வு ஏதேனும் ஓர் ஆற்றங்கரையிலோ சிற்றூர்ச் சந்தையிலோ அமையும்படி முன்பே திட்டமிடுகிறார். ஆகவே குறை சொல்ல வேண்டியது ஓட்டுநரை அன்று, நிற்குமிடத்தைத் தேர்ந்த அட்டவணையைத்தான்.

கேள்வி: குகைக்குள் ரயில் ஓடுகிறதாம். குகையைப் பார்ப்பதற்கா, ரயிலைப் பார்ப்பதற்கா போவது?

பதில்: குகையைப் பார்ப்பதற்கே. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள போஸ்தோய்னா குகையில், 1872இலேயே பார்வையாளருக்காகத் தண்டவாளம் போடப்பட்டது. தொடக்கத்தில் வண்டிகளை வழிகாட்டிகளே கையால் தள்ளிச் சென்றனர், இப்போது மின்சார ரயில் செல்கிறது. சுண்ணாம்புப் பாறையை மழைநீர் சிறிது சிறிதாகக் கரைத்து, குகைகளும் மறைந்தோடும் ஆறுகளும் பள்ளங்களும் உண்டாகும் நில அமைப்பைப் புவியியலாளர் ‘கார்ஸ்ட்’ என்பர். அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது இக்குகையை அடுத்துள்ள ஸ்லோவேனியப் பீடபூமியின் பெயரிலிருந்துதான். இக்குகையின் இருட்டு நீரில் கண் பார்வையற்ற ‘ஓல்ம்’ என்னும் நீர்வாழ் உயிரினம் வாழ்கிறது. தவளையைப் போன்றே இருவாழ்விகள் இனத்தைச் சேர்ந்த இது, பல ஆண்டுகள் உணவின்றியும் தாக்குப்பிடிக்கவல்லது. குகைக்குள் ஆண்டு முழுதும் 10 டிகிரி செல்சியஸ் அளவே வெப்பம் நிலவுவதால், வெளியே கோடை வெயில் எவ்வளவு இருந்தாலும் கம்பளிச் சட்டை கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: பிளிட்விட்சேயில் 16 ஏரிகளாம், ஒன்றில்கூடக் குளிக்க விடமாட்டார்களாம். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஏன் இந்தக் கருமித்தனம்?

பதில்: அங்கு நீர் தானே அணை கட்டிக்கொண்டிருப்பதால், அந்த வேலையைக் கலைக்கக் கூடாது என்பதே காரணம். சுண்ணாம்பு கரைந்த நீர் பாசிகளின் மீதும் நுண்ணுயிர்களின் மீதும் வழிந்தோடும்போது, அதிலுள்ள கால்சியம் கார்பனேட் படிந்து ‘டூஃபா’ என்னும் நுண்துளைப் பாறையாகிறது. அப்பாறை வளர்ந்து தடுப்பாகி, தடுப்புக்குப் பின்னால் நீர் தேங்கி ஏரியாகி, ஏரி நிரம்பி அருவியாக அடுத்த ஏரியில் விழுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 636 மீட்டரில் உள்ள முதல் ஏரியிலிருந்து 503 மீட்டரில் உள்ள கடைசி ஏரி வரை நீர் இப்படியே படியிறங்குகிறது. பக்கத்தில் 78 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பேரருவி தனி. நீந்துவோரின் உடலில் பூசிய களிம்புகளும் கால் மிதியும் இந்தப் படிவைக் கெடுக்கும் என்பதால், பயணி மரப்பலகை நடைபாதையிலேயே செல்ல வேண்டும். 1949இல் தேசியப் பூங்காவாகி 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிய இவ்விடத்தில்தான் 1991 மார்ச் இறுதியில் குரோஷியப் போரின் முதல் உயிர்ப்பலிகள் நேர்ந்தன என்பதையும், 1992 முதல் 1997 வரை இது ஆபத்துக்குள்ளான மரபிடங்களின் பட்டியலில் இருந்தது என்பதையும் அறிந்து நடப்பவர், அமைதியின் விலையையும் சேர்த்தே அறிவார்.

கேள்வி: ஸ்பிளிட்டில் ரோமப் பேரரசரின் அரண்மனைக்குள் கொடியில் துணி காய்கிறதாமே! தொல்லியல் துறை தூங்குகிறதா?

பதில்: துணி காய்வதனால்தான் அந்த அரண்மனை பிழைத்தது. பேரரசர் டயோக்ளீஷியன் 305இல் தாமாகவே பதவி துறந்து ஓய்வு வாழ்க்கைக்கென்று வந்து தங்கிய இந்தக் கோட்டை அரண்மனை, ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்டது. அருகிலிருந்த சலோனா நகரம் 7ஆம் நூற்றாண்டில் படையெடுப்பில் அழிந்தபோது, அங்கிருந்து தப்பிய மக்கள் இந்த மதில்களுக்குள் குடியேறி, மண்டபங்களை வீடுகளாகவும் நடைக்கூடங்களைத் தெருக்களாகவும் ஆக்கிக்கொண்டனர். அந்தக் குடியிருப்பு இன்றுவரை தொடர்கிறது. கிறித்தவர்களைக் கடுமையாக ஒடுக்கிய அப்பேரரசரின் கல்லறை மண்டபமே, அவரது ஆட்சியில் கொல்லப்பட்ட டோம்னியஸ் என்னும் புனிதரின் பெயரில் கிறித்தவப் பேராலயமாக மாறியது. வரலாறு எழுதிய தீர்ப்புகளுள் இவ்வளவு நேரானவை அரிது.

கேள்வி: போஸ்னியாவுக்குக் கடற்கரையே 20 கிலோமீட்டர்தானாம். வரைபடம் வரைந்தவர் பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?

பதில்: மை தீரவில்லை; அச்சம் மிகுந்திருந்தது. துப்ரோவ்னிக் 14ஆம் நூற்றாண்டிலிருந்து 1808 வரை ரகூசா என்னும் பெயரில் தனிக் குடியரசாக இருந்து, ஒட்டோமான் சுல்தானுக்குத் திறை செலுத்தித் தன் வாணிகத்தையும் விடுதலையையும் காத்துக்கொண்டது. கடல் வாணிகத்தில் போட்டியாளரான வெனிஸ் தன் நில எல்லையைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக, 1699இன் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையை ஒட்டி, நெயும் என்னும் கரையோரத் துண்டை ரகூசா ஒட்டோமான்களின் வசம் விட்டது. அந்தத் தடுப்புத் துண்டே இன்று போஸ்னியாவின் கடற்கரையாகி, குரோஷியாவை இரு கூறாக வெட்டுகிறது. இதனால் தம் நாட்டிலிருந்து தம் நாட்டுக்கே செல்ல இரு முறை எல்லைச் சோதனைக்கு நின்ற குரோஷியருக்காக, 2,404 மீட்டர் நீளமுள்ள பெல்யேஷாட்ஸ் பாலம் கடலின் மீது கட்டப்பட்டு 2022 ஜூலையில் திறக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் ஓர் அரசியல் முடிவைச் சுற்றிச் செல்ல 21ஆம் நூற்றாண்டில் ஒரு பாலம் தேவைப்பட்டதை, அதன் மீது வண்டி ஓடும்போதே வழிகாட்டி விளக்கினால், அந்தச் சில நிமிடங்கள் ஒரு வரலாற்று வகுப்புக்கு நிகராகும்.

கேள்வி: துப்ரோவ்னிக்கில் மதிலைவிடக் கூட்டம் நீளமாமே?

பதில்: கோடையின் நடுப்பகலில் அது உண்மை. மதிலின் சுற்று 1,940 மீட்டர். தொலைக்காட்சித் தொடர்களால் பெருகிய புகழும் துறைமுகத்துக்கு வரும் உல்லாசக் கப்பல்களும் சேர்ந்து நகரைத் திணறடித்ததால், ஒரே நேரத்தில் நிற்கும் கப்பல்களை இரண்டாகவும் அவற்றின் பயணிகளை 4,000 பேராகவும் நகராட்சி வரையறுத்தது. நகருக்குள்ளோ அருகிலோ இரவு தங்கி, காலையில் மதில் திறந்தவுடன் ஏறுவதே அறிவுடைமை. வருவோருக்கு வரம்பு விதிப்பது இந்நகருக்குப் புதிதும் அன்று: கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை 1377இலேயே முப்பது நாள் நகருக்கு வெளியே தங்கவைக்கச் சட்டம் செய்த ஊர் இது. மதிலின் மேலிருந்து பார்க்கும்போது, பழைய ஓடுகளின் மங்கிய நிறமும் 1991-92 முற்றுகையில் குண்டுபட்ட கூரைகளுக்குப் பின்னர் வேய்ந்த புதிய ஓடுகளின் செந்நிறமும், எந்த வீடு அடிபட்டது என்பதை வழிகாட்டியின் துணையின்றியே சொல்லிவிடுகின்றன.

கேள்வி: 2004இல் கட்டிய பாலத்தைக் காட்டி மோஸ்தாரில் ‘பழைய பாலம்’ என்கிறார்களே, இது அடுக்குமா?

பதில்: அடுக்கும். ஒட்டோமான் சுல்தான் சுலைமான் காலத்தில் மிமார் ஹைருதீன் என்னும் கட்டடக் கலைஞர் 1566இல் முடித்த ஒற்றை வளைவுக் கற்பாலம், 427 ஆண்டுகள் நெரேத்வா ஆற்றின் மேல் நின்று, 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியக் குரோஷியப் படையின் பீரங்கித் தாக்குதலில் இடிந்து விழுந்தது. போருக்குப் பின், அப்பகுதியின் ‘தெனெலியா’ என்னும் கல்லையே வெட்டி, இரும்புப் பற்றிகளை ஈயம் வார்த்து இறுக்கும் பழைய நுட்பத்தையே கையாண்டு, பன்னாட்டு உதவியுடன் கட்டிய பாலம் 2004 ஜூலையில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ அதை நல்லிணக்கத்தின் சின்னமாக ஏற்று உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கல்லின் வயது குறைந்திருக்கலாம், ஆனால் இரு கரையாரும் ஒருவரையொருவர் சென்றடையும் அந்தப் பயன்பாடு பழையதே. பாலத்தின் உச்சியிலிருந்து கோடையிலும் குளிர்ந்த ஆற்றில் இளைஞர்கள் குதிக்கும் மரபும் அப்படியே மீண்டிருக்கிறது.

கேள்வி: கோட்டோர் வளைகுடாவை ‘ஃபியோர்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். நார்வேயை மாண்டினீக்ரோவுக்கு யார் கொண்டுவந்தது?

பதில்: விளம்பரத் தாள்கள்தாம். ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டாவது. கோட்டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு கடலில் மூழ்கியதால் அமைந்தது. வளைகுடாவுக்கு மேலுள்ள மலையில் இருக்கும் சிர்க்விட்சே என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஐரோப்பாவில் மக்கள் வாழும் இடங்களுள் மிகுந்த மழை பெறுவது அதுவே எனப்படுகிறது. 1420 முதல் 1797 வரை வெனிஸ் ஆண்ட கோட்டோர் நகரின் மதில், மலைமுகட்டுக் கோட்டை வரை ஏறி நான்கரை கிலோமீட்டர் நீள்கிறது. ஏறத்தாழ 1,350 படிகள் உள்ளதால், மூட்டுவலி உள்ளோர் 1166இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித டிரிஃபோன் பேராலயத்தைப் பார்த்து, படகில் பெராஸ்ட் சிற்றூருக்கு எதிரே மாலுமிகள் கல்லைக் கொட்டியே உருவாக்கிய தீவுக் கோயிலுக்குச் செல்வது நிறைவான மாற்றாகும்.

கேள்வி: சைவ உணவுக்காரர்கள் ரொட்டியும் பழமும்தான் கதியா?

பதில்: இல்லை. போஸ்னியாவில் ‘புரெக்’ என்று கேட்டால் இறைச்சி வைத்த அடுக்குப் பணியாரமே வரும். அதே மாவில் பாலாடைக்கட்டி வைத்தது ‘சிர்னிட்சா’, கீரை வைத்தது ‘செல்யானிட்சா’, உருளைக்கிழங்கு வைத்தது ‘குரும்பிருஷா’. இந்த மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும், முட்டை சேருமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். குரோஷியக் கரையில் கீரையும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயில் வதக்கிய ‘பிளிட்வா’வும், எங்கும் சிவப்பு மிளகாய்ப்பழத்தைச் சுட்டு அரைத்த ‘ஐவர்’ என்னும் துவையலும் கிடைக்கும்.

கேள்வி: போரைப் பற்றி அங்குள்ளவர்களிடம் கேட்கலாமா, வாயை மூடிக்கொண்டு படம் எடுத்துவிட்டு வருவதா?

பதில்: கேட்க வேண்டும், கேட்கும் முறை அறிந்து கேட்க வேண்டும். சராயேவோவில் 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட தெருமுனையிலிருந்து, மசூதியும் யூதர் கோயிலும் கத்தோலிக்கப் பேராலயமும் வைதிகக் கிறித்தவக் கோயிலும் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன; அந்நகரமே 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்தது. 1992 ஆகஸ்டில் எரிந்த தேசிய நூலகக் கட்டடம் 2014இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. போஸ்னியப் போரில் ஏறத்தாழ 1,00,000 பேர் இறந்தனர். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்னும் ஊரில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை இனப்படுகொலை என்று பன்னாட்டு நீதிமன்றங்கள் தீர்த்துள்ளன. நாற்பது வயதைக் கடந்த வழிகாட்டிகள் பலருக்கு இது சொந்த நினைவாகும். ஆகவே, யார் பக்கம் சரி என்று சாலையோரத்தில் வழக்காடாமல், அவர்கள் சொல்ல முன்வருவதைக் கேட்பதும், ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு வழிகாட்டியின் சொல்லைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதும், குண்டுத்தடம் உள்ள சுவருக்கு முன் சிரித்துப் படம் எடுக்காதிருப்பதும் பயணியின் கடமைகள். பல நாடுகளின் வழியாகச் செல்வதன் முதன்மையான பயனே, ஒரே நிகழ்வை இப்படிப் பல வாய்களின் வழியாகக் கேட்க முடிவதுதான்.

கேள்வி: பத்து நாளில் ஏழு நாடு என்று ஒரு விளம்பரம், பத்து நாளில் நான்கு நாடு என்று இன்னொன்று. எது லாபம்?

பதில்: நான்கே லாபம். மூன்றாகக் குறைந்தால் இன்னும் லாபம். ஏழு நாட்டு அட்டவணையில் பெரும்பகுதி சாலையிலும் சாவடியிலும் விடுதி வரவேற்பறையிலும் கழிந்து, ஊருக்கென்று மிஞ்சுவது ஒரு மணி நேரமே. முன்பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் பெற வேண்டும்: குழுவில் எத்தனை பேர், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வண்டியில் இருக்க நேரும், ஒவ்வோர் ஊரிலும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி உண்டா, பிளிட்விட்சே, துப்ரோவ்னிக் மதில் போன்றவற்றின் நுழைவுக் கட்டணம் தொகைக்குள் அடங்குமா, விடுதி பழைய நகருக்கு நடக்கும் தொலைவில் உள்ளதா. மே, ஜூன் மாதத் தொடக்கம், செப்டம்பர் ஆகியவை கூட்டமும் வெயிலும் குறைந்த காலங்கள். புறப்படும் வாசகர் யுகோஸ்லாவியாவின் வரலாற்றை ஒரு நூலிலாவது முன்கூட்டிப் படித்துவிட்டுச் செல்ல வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது அரை நாளாவது தாமே நடந்து திரிவதற்கு நேரம் கேட்டுப் பெற வேண்டும். அந்த அரை நாளைத் தர மறுக்கும் நிறுவனத்துக்குப் பணம் கட்டாமல் இருப்பதே நல்லது.